கடன் கட்டிய நகரம்

துபாய் நகரின் நடுவே கடலினின்று உட்புகுந்து வளைந்து கிடக்கும் உப்பங்கழியை, ஒரு திர்ஹம் காசு கொடுத்து, ‘ஆப்ரா’ என்று அங்குள்ளோர் அழைக்கும் மரப்படகில் ஏறிக் கடந்தவர்கள், அந்நகரத்தின் சரித்திரத்தில் பெரும்பகுதியை அந்தச் சில நிமிஷப் பிரயாணத்திலேயே கண்டுவிட்டவர்கள் ஆவார்கள். படகின் நடுவே நீளவாட்டில் ஒரு பலகை. அதன் இருமருங்கும் முதுகோடு முதுகு ஒட்டி அமர்ந்த மலையாளியும் பட்டாணியரும் பிலிப்பைன் நாட்டுப் பெண்ணும் ராமநாதபுரத்துப் பிள்ளையும். பலகையின் நடுக்குழியில் நின்றபடி படகைச் செலுத்துகிற ஓட்டி. தேரா என்னும் கரையை ஒட்டினாற்போல், ஈரானுக்கும் சோமாலியாவுக்கும் போகக் காத்திருக்கும் மரக்கலங்கள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அணைந்து நிற்கின்றன. அவற்றுக்கு எதிரே, காவலுக்கு ஆளும் இல்லாமல் கூரையும் இல்லாமல், குளிர்ப்பெட்டிகளும் டயர்களும் தேயிலைப் பெட்டிகளும் நடைபாதையிலேயே அடுக்கிக் கிடக்கின்றன. அந்த மரக்கலங்களின் பாய்மரக் கொம்புகளுக்கு மேலே, தொலைவில், கண்ணாடி மாளிகைகள் வெயிலில் மின்னுகின்றன. நூற்றைம்பது ஆண்டுக் காலத்துக்கு உரிய இருவேறு உலகங்கள் ஒரே பார்வையில் அடங்கிவிடும் அந்த இடத்தில் நின்றுகொண்டு, இந்த மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, யாருடைய பொருளால் நிகழ்ந்தது, யாருடைய தோளின்மீது நிகழ்ந்தது என்று வினவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாலைவனத்தில் எண்ணெய் பொங்கிற்று, எண்ணெயினால் பணம் பொங்கிற்று, பணத்தினால் நகரம் எழுந்தது என்பது நம்மிடையே பரவலாக நிலவும் அபிப்பிராயம். அபுதாபியைப் பற்றியோ குவைத்தைப் பற்றியோ இவ்வாறு சொன்னால் அது பெரும்பாலும் பொருந்தும். துபாயைப் பற்றிச் சொன்னால் பொருந்தாது. அங்கே எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்ட 1966ஆம் ஆண்டுக்கு முன்னரே கழி தூர்வாரப்பட்டுவிட்டது, பாலம் கட்டப்பட்டுவிட்டது, விமான நிலையம் திறக்கப்பட்டுவிட்டது, மின்சாரக் கம்பெனி தொடங்கிவிட்டது. எண்ணெயின் பங்கு இன்று அந்நகரத்தின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு இரண்டுகூடத் தேறாது. அப்படியானால் அந்நகரைக் கட்டியது எது? பல ஆண்டுகளாக அதன் வரலாற்றை வாசித்தும், அங்கே உழைத்து ஊர் திரும்பியவர்களோடு பேசியும் நான் கண்ட விடை ஒரே சொல்லில் அடங்குகிறது: கடன். முத்துக்குளிப்பவன் பட்ட கடன், அரசன் வாங்கிய கடன், கடல் கடந்து கூலிக்குப் போகிறவன் தன் கிராமத்தில் வாங்கும் கடன் ஆகிய இம்மூன்றையும் பிரித்து அறியாமல் துபாயின் எழுச்சியை அளவிடுவது, ஐந்தொகையில் வரவுப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கணக்கு நேர் என்று கையெழுத்திடுவதற்கு ஒப்பாகும்.

1833ஆம் ஆண்டில், பனீ யாஸ் குலத்தின் ஒரு கிளையினரான அல் பூ ஃபலாசாவினர் ஏறத்தாழ 800 பேர், அபுதாபியில் நேர்ந்த அதிகாரப் பிணக்கின் காரணமாக அவ்விடத்தை விட்டு நீங்கி, மக்தூம் பின் புத்தி, உபைத் பின் சயீத் என்னும் இருவரின் தலைமையில் இந்தக் கழிமுகத்துக்கு வந்து குடியேறினர். மக்தூம் வம்சத்தாரே இன்றுவரை அந்நகரை ஆண்டுவருகின்றனர். அக்காலத்தில் வளைகுடாவின் அரபுக் கரை, 1820இலும் 1853இலும் செய்துகொண்ட உடன்படிக்கைகளால் ஆங்கிலேயரின் கடல் ஆதிக்கத்துக்கு உட்பட்டிருந்தது. 1892இன் உடன்படிக்கை அந்தப் பிடியை இன்னும் இறுக்கியது. அந்த ஆதிக்கம் லண்டனிலிருந்து நேரே நடத்தப்படாமல் இந்திய அரசாங்கத்தின் வழியாகவே நடத்தப்பட்டது என்பதை நம் வாசகர்கள் கவனிக்கவேண்டும். 1909இல் துபாயில் திறந்த தபால் நிலையம் இந்தியத் தபால் இலாகாவைச் சேர்ந்தது; கடைத்தெருவில் புழங்கிய நாணயம் இந்திய ரூபாய்; முத்து விலைபோனது பம்பாயில்; உண்ட அரிசியும் உடுத்த துணியும் கப்பலேறிவந்ததும் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே. துபாய் நமக்கு அந்நியமாக இருந்த காலம் என்று ஒன்று இருந்ததாகச் சொல்வதற்கில்லை.

அந்த ஊரின் ஜீவாதாரம் முத்து. மன்னார் வளைகுடாவின் முத்துச்சலாபங்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு அத்தொழிலின் தன்மை தெரியாததல்ல. பாரசீக வளைகுடாவின் குளியாட்கள் இலங்கைக் கரையில் நடந்த சலாபங்களுக்கு வந்து நம்மவரோடு தோளுரசிக் குளித்ததும் உண்டு. ஆயினும் இரு கடல்களின் ஏற்பாடுகளுக்கும் இடையே பெரிய வேற்றுமை இருந்தது. இலங்கைச் சலாபம் அரசாங்கத்தின் மேற்பார்வையில் சில வாரங்களே நடக்கும். குளித்தவன் தன் பங்குச் சிப்பியை அன்றன்றே கரையில் வாங்கிக்கொள்வான். அரபுக் கரையிலோ கோடைக்காலம் முழுவதும், ஜூன் தொடங்கி செப்டம்பர் இறுதிவரை, ஆடவர் பெரும்பாலோர் ஊரைவிட்டுக் கடலுக்குப் போய்விடுவர். துபாயிலிருந்து மட்டும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட படகுகள் புறப்பட்டன. விடியற்காலையில் சில பேரீச்சம்பழங்களும் ஒரு கிண்ணம் காப்பியும். அதன்பின் பொழுது சாயும்வரை வயிற்றுக்கு ஒன்றும் கிடையாது, ஏனெனில் நிறைந்த வயிற்றோடு மூச்சடக்க முடியாது. மூக்கைக் கொம்பினால் செய்த கவ்வியால் அடைத்து, சிப்பி அறுக்காதபடி விரல்களுக்குத் தோலுறை மாட்டி, கழுத்தில் கயிற்றுக் கூடையைத் தொங்கவிட்டு, காலில் கட்டிய கல்லின் கனத்தால் அடிக்குப் போய், ஒரு நிமிஷமோ ஒன்றரை நிமிஷமோ தடவித் தடவிச் சிப்பி பொறுக்கி, கயிற்றை ஓர் அசைப்பு அசைத்தால் மேலே நிற்பவன் இழுத்துக் கரையேற்றுவான். இவ்வாறு ஒரு நாளில் பன்முறை. காது செவிடாதலும் கண் மங்கலும் தோல் வெடித்தலும் அத்தொழிலின் நித்திய சம்பளங்கள்.

ரூபாயில் கிடைத்த சம்பளமோ வேறு கதை. கடலுக்குப் போகுமுன் வீட்டுச் செலவுக்காகப் படகுத் தலைவனாகிய நகுதாவிடம் குளியாள் முன்பணம் வாங்குவான்; நகுதா அந்தப் பணத்தை வியாபாரியிடம் வாங்கியிருப்பான்; அந்த வியாபாரியோ பம்பாய்ச் சந்தையை நம்பி முதலிட்டிருப்பான். பருவம் முடிந்து முத்து விற்ற தொகையில் படகின் செலவு, அரிசியின் விலை, முன்பணம் யாவும் கழிக்கப்பட்டு எஞ்சியது பங்கிடப்படும். நல்ல பருவத்தில் கையில் ஏதேனும் நிற்கும். இல்லாவிட்டால் கடன் மறு பருவத்துக்கு ஏறும். ஏறிய கடன் தீரும்வரை அவன் அந்த நகுதாவை விட்டு வேறொரு படகில் கால்வைக்க முடியாது. அவன் இறந்தால் அந்தக் கடன் பல சமயங்களில் மகன் தலையிலோ தம்பி தலையிலோ இறங்கிற்று. ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் பலூச்சிஸ்தானத்திலிருந்தும் அடிமைகளாகக் கொணரப்பட்டவர்களும் அதே படகுகளில் குளித்தனர். அவர்களுக்குப் பங்கு என்பதும் எஜமானுக்கே சென்றது. பாரிஸ் நகரத்துச் சீமாட்டியின் கழுத்தை அலங்கரித்த முத்துவடத்தின் நூலைப் பின்னுக்குப் பற்றிக்கொண்டே போனால், அது இந்தக் கடன்சீட்டில் வந்து முடியும்.

துபாயின் ஆட்சியாளருக்கு இயற்கை கொடுத்தது ஒரு கழி மட்டுமே. அதைப் பயன்படுத்திக்கொண்டதில்தான் அவர்களுடைய புத்தி சாதுரியம் வெளிப்பட்டது. 1894இல் பட்டத்துக்கு வந்த ஷேக் மக்தூம் பின் ஹஷர், வெளிநாட்டு வியாபாரிகள் கொண்டுவரும் சரக்குக்குச் சுங்கத்தை நீக்கி, வந்து தங்குவோருக்குப் பாதுகாப்பும் அளித்தார். அதே காலத்தில் எதிர்க்கரையான பாரசீகத்தில் அரசாங்கம் தன் கஜானாவை நிரப்பிக்கொள்ளும் பொருட்டு, பெல்ஜிய நாட்டு அதிகாரிகளைக் கொண்டு லிங்கா துறைமுகத்தில் கடுமையான சுங்கம் விதித்தது. தலைமுறை தலைமுறையாக லிங்காவில் வாணிபம் செய்துவந்த அரபு, பாரசீகக் குடும்பங்கள், சுங்கம் குறையும் என்று ஓராண்டு ஈராண்டு காத்திருந்து பார்த்துவிட்டு, இறுதியில் பெண்டு பிள்ளைகளோடு துபாய்க் கழிக்கரைக்கு வந்து இறங்கின. பஸ்தக் என்னும் ஊரிலிருந்து வந்தோர் குடியிருந்த தெரு பஸ்தக்கியா என்று பெயர் பெற்றது. பவழப்பாறையும் சுதையும் கொண்டு எழுப்பிய அவ்வீடுகளின் உச்சியில் நாற்புறமும் திறந்த ஒரு கோபுரம் நிற்கும். எத்திசையிலிருந்து காற்று வீசினாலும் அதைப் பிடித்து, உட்சுவர்கள் வகுத்த வழியே கீழே உள்ள அறைக்குள் இறக்கிவிடும். மின்விசிறி அறியாத ஊரில் அந்தக் காற்றுக்கோபுரம் செல்வத்தின் அடையாளமாய் நின்றது. ஏழைகளின் வீடு ஈச்சமட்டைக் குடிசைதான். 1904 அளவில் ஆங்கிலேய-இந்தியக் கம்பெனியின் நீராவிக் கப்பல்கள் லிங்காவை விட்டுத் துபாய்க்கு ஒழுங்காக வரத் தொடங்கின. அண்டை வீட்டார் கதவை மூடும்போது தன் கதவைத் திறந்துவைக்கும் இந்த வழக்கமே துபாயின் மாறாத ராஜதந்திரம். பின்னாளில் பெய்ரூத் போரில் எரிந்தபோதும், ஈரானில் புரட்சி மூண்டபோதும், ஈரானும் ஈராக்கும் எட்டாண்டுகள் பொருதபோதும், அங்கெல்லாம் இருக்கமுடியாத மூலதனம் வந்து ஒதுங்கிய இடங்களில் ஒன்று இந்தக் கழிக்கரையே.

1929இல் உலகச் சந்தைகள் சரிந்தன. அதே ஆண்டுகளில் ஜப்பானியர் வளர்த்தெடுத்த முத்து மலிவாகக் குவிந்தது. இந்த இரட்டை இடியால் அரபுக் கரையின் ஜீவாதாரமே அறுந்துபோயிற்று. படகுகள் கரையேற்றப்பட்டு வெயிலில் பிளந்தன. இந்த வறுமையின் நடுவே 1938 அக்டோபரில் துபாயின் வியாபாரிகள் ஒன்றுகூடி, வருமானமும் செலவும் ஒரு சபையின் வழியாக நடக்கவேண்டும் என்று ஷேக் சயீதை வற்புறுத்தி, ஒரு மஜ்லிஸை அமைத்தனர். பள்ளிக்கூடம் திறப்பது, சுங்கத்தைச் சீர்ப்படுத்துவது முதலிய காரியங்களை அச்சபை மேற்கொண்டது. ஆறு மாதங்களுக்குள்ளாக, 1939 மார்ச்சில், ஆயுத பலத்தால் அது கலைக்கப்பட்டது. வாணிபத்துக்குத் திறந்த கதவு அரசியலுக்குத் திறக்காது என்ற எல்லைக்கோடு அன்று கிழிக்கப்பட்டது. அதற்குப்பின் அது அழிக்கப்பட்டதே இல்லை. அந்தக் கலகத்தை அடக்குவதில் முன்னின்ற சயீதின் மைந்தர் ராஷித், பின்னாளில் அச்சபை விரும்பிய பல பொதுப்பணிகளைத் தாமே செய்துமுடித்தார் என்பதும் உண்மை. அவற்றைச் சபையின் உரிமையாக்காமல் அரசனின் கொடையாகச் செய்தார் என்பதும் உண்மை.

1958இல் ஷேக் ராஷித் பின் சயீத் பட்டமேறினார். அவர் முன்னே நின்ற முதற்பிரச்சினை மணல். ஆண்டுதோறும் கழியின் வாயில் மணல் சேர்ந்து, அலை ஏறும் வேளை பார்த்துத்தான் மரக்கலங்கள் உள்ளே வரமுடியும் என்ற நிலை ஏற்பட்டுவிட்டது. அண்டை ஊராகிய ஷார்ஜாவின் கழியும் அவ்வாறே தூர்ந்து வாணிபத்தை இழந்துகொண்டிருந்தது. ஹால்குரோ என்னும் ஆங்கிலேயப் பொறியியல் நிறுவனத்தார் திட்டம் வரைந்து கொடுத்தனர். ஆனால் அத்திட்டத்தின் செலவு அந்தச் சிற்றரசின் ஆண்டு வருமானத்தோடு ஒப்பிடும்போது மலைபோன்றது. ராஷித் குவைத் ஆட்சியாளரிடம் கடன் வாங்கினார். உள்ளூர் வியாபாரிகளிடம் ‘கழிப்பத்திரம்’ என்ற கடன்பத்திரங்களை விற்றார். எண்ணெய் வரும் என்ற உறுதி யாதும் இல்லாத நிலையில், வருங்கால வாணிபத்தையே ஈடாக வைத்துப் பணம் திரட்டினார். 1959இல் தொடங்கிய வேலை ஈராண்டுகளில் முடிந்தது. தோண்டியெடுத்த மணலையும் வீணாக்காமல் கரையோரத் தாழ்நிலங்களில் கொட்டி மேடாக்கி, அந்த மேட்டை மனைகளாக விற்றார்கள். கடன் வாங்கித் தோண்டு. தோண்டிய மண்ணை விற்றுக் கடனை அடை. ஆழமான கழிக்குப் பெரிய கலம் வரும். கலம் வந்தால் வாடகை வரும் என்ற இந்தக் கணக்கு, பிற்காலத்தில் துபாய் செய்த ஒவ்வொரு பெருங்காரியத்துக்கும் மூலபாடமாயிற்று. என் அபிப்பிராயத்தில், நவீன துபாய் பிறந்த இடம் எண்ணெய்க் கிணறு அல்ல. அந்தத் தூர்வாரிக் கப்பலின் மேல்தளமே.

அதன்பின் காரியங்கள் விரைந்தன. 1960இல் இறுக்கிய மணல்தரையே ஓடுபாதையாக விமான நிலையம் திறந்தது. 1963இல், மருமகராகிய கத்தார் ஆட்சியாளரின் பொருளுதவியோடு, இரு கரைகளையும் இணைத்த முதற்பாலம் திறந்தது. ஆயினும் அந்தப் பத்தாண்டில் ஊரின் கைகளில் பணம் புரளச் செய்த பொருள் வேறு; அது தங்கம். இந்தியாவில் தங்க இறக்குமதி தடைப்பட்டிருந்தது. நம் கல்யாணங்களோ தங்கமின்றி நடப்பதில்லை. லண்டனிலிருந்து சட்டப்படி துபாய்க்கு வந்த பத்துத்தோலாக் கட்டிகள், துணிச்சட்டைகளின் பைகளில் தைக்கப்பட்டு, விரைவான லாஞ்சுகளில் நம் மேற்குக் கரைக்குச் சட்டத்துக்குப் புறம்பாக வந்து இறங்கின. துபாயின் சட்டத்தில் அது மறு ஏற்றுமதி. நம் சட்டத்தில் அது கள்ளக்கடத்தல். இதனால் இந்தியாவின் அந்நியச் செலாவணி எவ்வளவு கரைந்தது என்றால், வளைகுடாவுக்கென்றே தனியாக ஒரு ரூபாய் நோட்டை ரிசர்வ் வங்கி 1959இல் அச்சிட நேர்ந்தது. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டதும் துபாய் அந்த நோட்டையும் கைவிட்டது. பம்பாயோடு இருந்த தொப்புள்கொடி நாணயத்தளவில் அன்று அறுந்தது.

அதே 1966இல் கடலடியில் எண்ணெய் கிட்டிற்று; 1969இல் முதற்கப்பல் ஏறிற்று. கரையிலிருந்து தொலைவாகிய ஃபத்தேஹ் வயலில் எண்ணெயைத் தேக்கிவைக்க, தலைகீழாய்க் கவிழ்த்த புனல்போன்ற மாபெரும் எஃகுத் தொட்டிகளைக் கரையிலே கட்டி, கடலில் மிதக்கவிட்டு இழுத்துச் சென்று அடிமணலில் அமர்த்தினார்கள். ஒவ்வொன்றும் ஐந்து லட்சம் பீப்பாய் கொள்ளும். அந்த எண்ணெய்ச் செல்வம் நிலையானதல்ல என்பதை அறிந்தே ராஷித் அதைத் துறைமுகங்களாக மாற்றினார். 1972இல் திறந்த ராஷித் துறைமுகம் நான்கு கப்பல்தளங்களாகத் திட்டமிடப்பட்டு, கட்டிமுடிவதற்குள் அதன் மும்மடங்குக்கும் மேலாக விரிந்தது. அது நிறைவதற்குள்ளாகவே, நகரத்துக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் தென்மேற்கே, மனித வாசமற்ற ஜபல் அலி மணற்பரப்பைக் குடைந்து, அறுபதுக்கும் மேற்பட்ட கப்பல்தளங்கள் கொண்ட இரண்டாவது துறைமுகத்தை 1979இல் திறந்தார். இது வீண்செலவு என்று அன்று கூறினோர் பலர். 1985இல் அத்துறைமுகத்தைச் சுற்றிச் சுங்கமற்ற வளாகம் ஒன்று ஏற்படுத்தப்பட்டது. பிற இடங்களில் உள்ளூர்ப் பங்காளி இல்லாமல் தொழில் நடத்த முடியாத அந்நிய நிறுவனங்கள் அங்கே முழு உரிமையோடு இயங்கலாம் என்று விதித்தார்கள். ஷேக் மக்தூம் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் கழிக்கரையில் செய்ததை அவர் வழிவந்தவர் மணற்பரப்பில் செய்தார். அதே ஆண்டு அக்டோபரில், பாகிஸ்தான் விமானக் கம்பெனியிடம் வாடகைக்கு விமானம் பெற்று, எமிரேட்ஸ் நிறுவனம் கராச்சிக்குத் தன் முதற்பயணத்தைத் தொடங்கியது. 1971 டிசம்பர் 2ஆம் நாள் ஏற்பட்ட அமீரகக் கூட்டாட்சி, இத்தனைக்கும் வேண்டிய அரசியல் நிலைபேற்றை அளித்தது. அதன் கதை தனியே எழுதத்தக்கது.

ஜனத்தொகையைக் கொண்டு இம்மாற்றத்தின் வேகத்தை அளக்கலாம். 1968இல் துபாயில் இருந்தோர் ஏறத்தாழ 59,000 பேர். 1975இல் 1,83,000. 2005இல் 13 லட்சம். இன்று 36 லட்சத்துக்கும் மேல். அவர்களுள் அந்நாட்டுக் குடிமக்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. ஈச்சமட்டைக் குடிசையில் பிறந்த ஒருவர், தம் ஆயுட்காலத்துக்குள்ளேயே 828 மீட்டர் உயரமுள்ள கோபுரத்தைத் தம் ஜன்னலிலிருந்து பார்க்க முடிந்தது.

2002க்குப் பிறகு அந்நியரும் வீடும் மனையும் வாங்கலாம் என்று ஆனபின், கடன் வாங்கித் தோண்டும் பழைய கணக்கு அளவுமீறியது. கழியைத் தூர்வாரியது வருகிற வாணிபத்துக்கு. கடலில் ஈச்சமர வடிவில் தீவுகளைக் கொட்டியதோ, வருவார்கள் என்று எதிர்பார்த்த செல்வர்களுக்கு. இரண்டும் ஒரே வித்தைபோலத் தோன்றினாலும், முன்னதன் அடியில் ஒரு தேவை இருந்தது. பின்னதன் அடியில் இருந்தது பெரும்பாலும் ஊகமே. 2009 நவம்பரில், அரசுக்குச் சொந்தமான துபாய் வேர்ல்டு நிறுவனம் ஏறத்தாழ 2,600 கோடி டாலர் கடனுக்குத் தவணை கேட்டது. உலகச் சந்தைகள் கலங்கின. டிசம்பரில் அபுதாபி 1,000 கோடி டாலர் கொடுத்துத் தாங்கிக்கொண்டது. 2010 ஜனவரி 4ஆம் நாள், அதுவரை புர்ஜ் துபாய் என்று வழங்கிய கோபுரம், அபுதாபி ஆட்சியாளரின் பெயரால் புர்ஜ் கலீஃபாவாகத் திறக்கப்பட்டது. நகரமும் மீண்டெழுந்தது. அரசன் பட்ட கடனுக்கு அண்ணன் வீட்டார் துணைநின்றனர், தவணை கிடைத்தது, வட்டி குறைந்தது. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. கடனாளிக்கு அவகாசம் தருவது நாகரிகமே. அந்த அவகாசம் யாருக்கெல்லாம் கிடைத்தது என்பதையே கேட்கிறேன்.

ஏனெனில் மூன்றாவது கடன் ஒன்று உண்டு. அதை நம் ஊர்கள் நன்கு அறியும். 1960களில் பம்பாயிலிருந்து லாஞ்சில் ஏறி, கோர்ஃபக்கான் என்னும் கடலோர ஊருக்கு அருகே இருட்டில் இறங்கி நீந்திக் கரையேறிய மலையாளிகளைத் தொடர்ந்து, கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும், தஞ்சை, திருச்சி, ராமநாதபுரம் மாவட்டங்களின் வறண்ட சிற்றூர்களிலிருந்தும் தமிழர் போகத் தொடங்கினர். வியாபாரத்துக்குப் போனோர் சிலர். படித்த உத்தியோகத்துக்குப் போனோர் பின்னாளில் பலர். ஆனால் கம்பி கட்டவும் கலவை சுமக்கவும் போனோரே அந்நகரின் சுவர்களில் இரண்டறக் கலந்தவர்கள். பொருள்வயிற் பிரிவைப் பாலைத்திணைக்கு உரியதாக வைத்த நம் முன்னோரின் இலக்கணம், இந்த வீடுகளில் இன்னும் வழக்கு வீழ்ந்துவிடவில்லை.

புதுக்கோட்டைப் பக்கத்தில் எனக்குப் பழக்கமான ஒரு கொத்தனார், முதல் முறை துபாய் போய்வந்த கணக்கை ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்திருந்தார். முதற்பக்கத்தில் ஏஜெண்டுக்குக் கொடுத்த தொகை. அதற்கு நேரே, மனைவியின் தாலிக்கொடியை அடகுவைத்தது இவ்வளவு, மைத்துனரிடம் கைமாற்று இவ்வளவு, வட்டிக்காரரிடம் நூற்றுக்கு மூன்று வட்டியில் இவ்வளவு. பின்பக்கங்களில் மாதாமாதம் ஊருக்கு அனுப்பிய பணம். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்டினார்; முதல் ஒன்றரை ஆண்டு அனுப்பிய ஒவ்வொரு காசும் வட்டிக்கும் அசலுக்குமே போயிருந்தது. இங்கே சொல்லப்பட்ட சம்பளம் ஒன்று. அங்கே போனபின் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தில் இருந்தது வேறொன்று. “திரும்பி வந்திருக்கலாமே” என்று கேட்டேன். “கடனோட எப்படிங்க ஊருக்கு வர்றது?” என்றார். முத்துப்படகின் குளியாள், நகுதாவை விட்டு ஏன் போகவில்லை என்று கேட்டிருந்தால், அவனும் இதையேதான் தன் மொழியில் சொல்லியிருப்பான்.

தொழிலாளரின் வரவையும் இருப்பையும் எஜமானின் பொறுப்பில் கட்டிவைக்கும் ‘கஃபாலா’ என்ற ஏற்பாடு, நகுதாவின் பேரேட்டுக்கு நேர் வாரிசு என்று சொல்லிவிட முடியாது. அதன் சட்ட மூலங்கள் வேறு. எனினும் அதன் பலன் தொழிலாளிக்கு ஒன்றுபோலவே இருந்தது: வேறு படகில் கால்வைக்க முடியாது. நகரின் ஓரத்தில் சோனாப்பூர் என்று நம்மவர் அழைக்கும் தொழிலாளர் கேம்ப் இருக்கிறது. சோனாப்பூர் என்றால் பொன்னூர் என்று பொருள். ஓர் அறையில் இரும்புக் கட்டில்கள் இரண்டடுக்காக நிற்கும். விடியுமுன் பஸ் வந்துவிடும். புர்ஜ் கலீஃபாவின் வேலை உச்சத்தில் இருந்தபோது நாளொன்றுக்கு 12,000 பேர் அங்கே உழைத்தனர். 2006இல் கூலிக்காக அவர்கள் கொந்தளித்து எழுந்ததும் உண்டு. அதன்பின் சில திருத்தங்கள் வந்தன என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் பன்னிரண்டரை முதல் மூன்று மணிவரை வெட்டவெளியில் வேலை வாங்குவது தடுக்கப்பட்டிருக்கிறது. 2009 முதல் சம்பளம் வங்கி வழியாகவே போகவேண்டும் என்ற ஏற்பாடு நடக்கிறது. வேலை மாறுவதும் முன்னைப்போல் அத்தனை கடினமில்லை. தொழிற்சங்கம் அமைக்கும் உரிமை மட்டும் இன்றுவரை இல்லை. 1939இல் கிழித்த கோடு அங்கேயும் செல்கிறது.

ஒன்றைச் சொல்லாமல் விடுவது நன்றிகொன்றதாகும். இந்தக் கடனையெல்லாம் கட்டிமுடித்தபின் வந்த பணம், நம் மாவட்டங்களில் ஓட்டுவீட்டை மாடிவீடாக்கியது, பெண்களைப் படிக்கவைத்தது, சாதியின் பெயரால் கூலி மறுக்கப்பட்ட தெருக்களுக்குச் சொந்த நிலம் வாங்கிக்கொடுத்தது. அந்தக் கொத்தனாரும் மறுமுறை போனார். மூன்றாம் முறையும் போனார். அவர் மகள் இன்று செவிலியர். துபாய் தந்ததைப் பெற்றுக்கொண்டே அது எடுத்துக்கொண்டதையும் கணக்கில் எழுதுவது, முரண்பாடு ஆகாது.

பஸ்தக்கியாவின் காற்றுக்கோபுர வீடுகளில் ஒரு பகுதி 1980களில் இடிக்கப்பட்டு, எஞ்சியது காப்பாற்றப்பட்டு, இப்போது அருமையாகப் புதுக்கிப் பேணப்படுகிறது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள அல் ஃபஹிதி கோட்டையில் 1971இல் திறந்த அருங்காட்சியகத்தில், குளியாளின் மூக்குக்கவ்வியும் கயிற்றுக்கூடையும் வைத்துப் போற்றப்பட்டன. கம்பிகட்டியவனின் கையுறையையும் நோட்டுப் புத்தகத்தையும் வைக்க அங்கே ஓர் அலமாரி ஒதுக்கப்படுமானால், அந்நகரத்தின் சரித்திரம் முழுமை பெறும். அது அவர்கள் செய்யவேண்டியது.

நாம் அறிந்திருக்கவேண்டியவை இரண்டு உண்டு. புறப்பட ஆயத்தமாகும் ஒவ்வொரு வீட்டுக்கும் இவற்றை எடுத்துச்சொல்லுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, வேலைக்கு ஆள் எடுக்கும் செலவை எஜமானே ஏற்கவேண்டும். அதைத் தொழிலாளியிடம் நேராகவோ மறைமுகமாகவோ வசூலிப்பது குற்றம். இந்தியாவின் குடிபெயர்வு விதிப்படி, பதிவு பெற்ற ஏஜெண்டு ஒருவர் தம் சேவைக்கு வாங்கக்கூடிய உச்சத்தொகை, வரி நீங்கலாக, 30,000 ரூபாய். அதற்கும் ரசீது தரவேண்டும்.